திருவலகும் மெழுக்குத் தோண்டியும்

(சித்திரைச் சதயத்தன்று, அப்பர் குருபூஜையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று அப்பர் பெருமானுடைய குருபூஜை. இந்த நாளில் அவரைக் கட்டிய கல் தெப்பமாக மிதந்ததையும், அவரை அடைத்த நீற்றறை குளிர்ந்ததையும் சொல்லிக் கண் கலங்குவது நம் வழக்கம். இந்த வருஷம் அவற்றைத் தொடாமல் அவருடைய அக்காவிடமிருந்து தொடங்கப்போகிறேன். இங்கே வருகிற இளம்பிள்ளைகள் பலரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். "ஐயா, காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறேன், ராத்திரி வந்து படுக்கிறேன். நான் எதற்காகப் பிறந்தேன்? என்னால் இந்த உலகத்துக்கு என்ன ஆகப்போகிறது?" இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. இந்தக் கேள்வி அப்பரையும் வீட்டை விட்டுக் கிளப்பியது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். அங்கே புகழனாருக்கும் மாதினியாருக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். அவர்தான் பின்னாளில் நம் அப்பர். அக்காவைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் நடப்பதற்கு முன்பே அரசன் ஆணை வந்தது, அவர் போருக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் தகப்பனார் நோயில் போனார். தாயாரும் அவரோடு போய்விட்டார். துக்கம் ஆறுவதற்குள் அடுத்த செய்தி: போர்க்களத்தில் கலிப்பகையாரும் இல்லை.

அந்தப் பெண்ணின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாய் இல்லை, தகப்பன் இல்லை, கைப்பிடிக்க இருந்தவரும் இல்லை. இனி எதற்கு இந்த உயிர் என்று துணிந்துவிட்டார். அப்போது தம்பி ஓடிவந்து காலில் விழுகிறான். தாயும் தந்தையும் போன பிறகு உன்னையே அவர்களாக நினைத்து உயிர் வைத்திருக்கிறேன், நீ போவதானால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று அழுகிறான். தம்பி இருக்க வேண்டும் என்ற தயவு ஒன்றுக்காக அந்த அம்மையார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

அந்தப் பையன் பின்னாளில் நாவுக்கரசர் ஆவான், அவன் பாட்டைத் தமிழ்நாடு நூற்றாண்டு நூற்றாண்டாக ஓதும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை. எதிரே அழுதுகொண்டிருக்கிற ஒரு சிறுவன். அவனுக்கு இன்று ராத்திரி சோறு போட ஆள் வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

தம்பி வளர்ந்தார். வீட்டுச் செல்வத்தை எடுத்துச் சோலை வைத்தார், குளம் வெட்டினார், தண்ணீர்ப் பந்தல் போட்டார், விருந்தினருக்கு உபசாரம் செய்தார். நல்ல காரியங்கள்தான். ஆனாலும் நிலையாமை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. எது மெய் என்று தேடிப் புறப்பட்டுவிட்டார். இன்றைய கடலூரில் இருக்கிற திருப்பாதிரிப்புலியூருக்குப் போய்ச் சமணப் பள்ளியில் சேர்ந்து, சாத்திரமெல்லாம் கற்று, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை பெற்றார். இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சமணர்கள் தமிழுக்குத் தந்த நூல்களும் இலக்கணமும் நமக்கெல்லாம் சொத்து. சமயச் சண்டை மூட்டுவதற்கு நான் இந்தக் கதையை எடுக்கவில்லை. தேடியவர் கெட்டிக்காரர், தேடிப் போன இடமும் கல்வி மிகுந்த இடம். அப்படியும் அவருக்கு மனம் நிறையவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

அந்தக் காலம் முழுக்க அக்கா என்ன செய்தார்? திருவதிகை வீரட்டானத்துக்குப் பக்கத்தில் ஒரு மடம் அமைத்துக்கொண்டார். விடிவதற்கு முன்னால் எழுந்து கோயில் முற்றத்தைப் பெருக்கினார், சாணம் மெழுகினார், பூப் பறித்து மாலை கட்டிக் கொடுத்தார். மறுநாளும் அதே வேலை. அதற்கு அடுத்த நாளும் அதே வேலை.

பிறகு தம்பிக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைக் குடைகிற வலி. மந்திரித்தும் பார்த்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் அங்கேயே விட்டுவிட்டு, ஒரு வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் திருவதிகைக்கு வந்து அக்கா காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். அதற்கு அடுத்து சேக்கிழார் எழுதியிருப்பதை, தாய்மார்களே, நீங்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். பல வருஷம் கழித்து வந்த தம்பி, வலியில் துடிக்கிற தம்பி. இன்றைக்கு ஒருநாள் கோயில் வேலை வேண்டாம் என்று அவர் இருந்திருந்தால் யார் குறை சொல்வார்கள்? அவர் இருக்கவில்லை. திருப்பள்ளியெழுச்சி நேரம் ஆனதும் திருவலகை ஒரு கையில் எடுத்தார். திருவலகு என்றால் துடைப்பம். மெழுகுவதற்கான தோண்டியையும் எடுத்துக்கொண்டார். தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

எனக்கு அந்தப் புராணத்தில் ஆகப் பெரிய இடம் இதுதான். தம்பிக்கு அவர் நீளமாக உபதேசம் எதுவும் செய்யவில்லை. தாம் தினமும் செய்கிற வேலைக்கு நடுவில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கேதான் வலி போயிற்று, அங்கேதான் முதல் பதிகம் பிறந்தது, அங்கேதான் நாவுக்கரசு என்ற பெயரும் வந்தது.

அவ்வளவு பெரிய பட்டம் கிடைத்த பிறகு அந்தக் கவி கையில் எதை எடுத்தார்? எந்தச் சிவன் கோயிலிலும் நால்வர் சந்நிதிக்குப் போய்ப் பாருங்கள். அப்பர் தோளில் சாய்ந்து நிற்பது உழவாரம். நீளமான பிடி, முனையில் புல் செதுக்கும் தகடு. கோயில் கோயிலாக நடந்து பாடிய மனிதர், பாடி முடித்தால் பிராகாரத்தில் இறங்கிப் புல் செதுக்கினார். அக்காவிடம் பார்த்ததை அவர் முதுமை வரைக்கும் விடவில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தெரிந்தன. இறைவன் வைத்த சோதனை. அவர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு மேலே செதுக்கினார். நடந்து வருகிற அடியாரின் காலில் குத்தும் என்றால் அவருக்குப் பொன்னும் ஒன்று, பரல் கல்லும் ஒன்று.

அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வாழ்வின் நோக்கம் எங்கோ பூட்டிக் கிடக்கிறது, சாவி கிடைத்தபிறகு வாழத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இன்று உங்கள் கையில் என்ன வேலை இருக்கிறது, அது யார் காலில் குத்தாமல் இருக்கவேண்டும் என்று பாருங்கள். பெரியபுராணம் முழுக்க அதுதான் நடக்கிறது. திருநீலகண்டர் பானை வனைந்தார். அதிபத்தர் நாகப்பட்டினத்தில் வலை வீசினார். கலிய நாயனார் திருவொற்றியூரில் எண்ணெய் வணிகம் செய்தார். நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தார். இதையெல்லாம் பாடிய சேக்கிழாரே சோழ அரசில் அமைச்சராக இருந்து ராஜ்ய காரியம் பார்த்தவர். வேலையின் வகை எது என்று கேட்டு ஒருவரையும் அவர் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

திங்களூருக்கு வாருங்கள். இன்று நாம் சந்திரனைக் கும்பிடப் போகிற ஊர், திருவையாற்றுக்குப் பக்கம். அங்கே இருந்த அப்பூதியடிகள் அப்பரைப் பார்த்ததே இல்லை, கேள்விப்பட்டதுதான். அந்தப் பக்தியில், ஓயாமல் சனம் போய்வருகிற சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்குத் திருநாவுக்கரசு என்று பேர் எழுதினார். மூத்த பிள்ளைக்கும் அந்தப் பேர், இளைய பிள்ளைக்கும் அந்தப் பேர். பசு, எருமை எல்லாவற்றுக்கும் அதுவே. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். சேக்கிழார் அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கிறார்: வீட்டில் இருந்த அளவைகள், நிறைகோல்.

படிக்கும்போது இதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். நெல் அளக்கிற மரக்காலுக்குக் குருவின் பேரை வைத்துவிட்டால் அதைக் குறைத்து அளக்க முடியுமா? கூலிக்கு வந்தவர் முந்தானையை விரித்து நிற்கிறார், மரக்கால் மேல் கை வைத்து வழித்துத் தள்ளுகிறோம். அங்கே விரல் கொஞ்சம் உள்ளே அழுந்தினால் அவர் வீட்டில் ஒரு பிடி குறையும். தராசுத் தட்டுக்கு நாவுக்கரசு என்று பேர் வைத்தவர் முள் நடுவில் நிற்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். பந்தலில் செய்த தருமத்தை ஊர் பார்த்தது. மரக்காலில் செய்த தருமத்தை அவரும் வாங்குபவரும் மட்டும் பார்த்தார்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் இங்கே இருக்கிறார்கள், பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் தம்பியும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் உலகத்தை நேராக்குகிற இடம் அந்தத் தராசும் அந்த மீட்டரும்தான். அதற்கு ஒரு பேர் வைத்துப் பாருங்கள்.

அப்பர் அந்தப் பந்தலைப் பார்த்துவிட்டு, உம் பேரை எழுதாமல் இன்னொருவர் பேரை எழுதியது ஏன் என்று கேட்டார். அந்தப் பேரின் பெருமை தெரியாமல் கேட்கிற நீர் யார் என்று அப்பூதியாருக்குக் கோபமே வந்துவிட்டது. வந்தவர் யார் என்று தெரிந்ததும் அந்த வீட்டில் எழுந்த ஆனந்தத்தையும், பாம்பு தீண்டிய அவர் பிள்ளை அப்பரின் பதிகத்தால் உயிரோடு எழுந்ததையும் நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

"எனக்கு வசதியில்லை, நேரமில்லை, உடம்பு முடியவில்லை" என்று சொல்கிறவர்களுக்குத் திருவாரூரில் ஒருவர் இருக்கிறார். தண்டியடிகள், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் தூர்ந்து சுருங்கிக்கொண்டே வந்தது. யாராவது செய்வார்கள் என்று அவர் இருக்கவில்லை. குளத்துக்கு நடுவில் ஒரு கம்பம் நட்டார், கரையில் ஒரு கம்பம் நட்டார், இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே கீழே இறங்குவார், மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுவார், கயிற்றைத் தடவிக்கொண்டே மேலே வந்து கொட்டுவார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று திருவாரூரில் சொல்வார்கள். ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். அதற்கு எதிரே ஒரு கூடை மண். கணக்குப் பார்க்கிற மனசு முதல் நாளே உட்கார்ந்துவிடும். அவர் கணக்குப் பார்க்கவில்லை, கயிறு கட்டினார். பார்வை பின்னால் வந்தது. பார்வை வரும் வரைக்கும் அவர் சும்மா இருக்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். இது சித்திரை வெயில். ஊரெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர்ப் பந்தல். நல்ல மனசோடுதான் வைக்கிறோம். சாயங்காலம் அந்தப் பந்தலைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மோர் ஒட்டிய டம்ளர்கள் சாக்கடை வாய் வரைக்கும் சிதறிக் கிடக்கும். ஒரு பசுமாடு வாயை வைத்து அவற்றை நெருடிக்கொண்டிருக்கும். ஒருமுறை குடித்து எறிகிற பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு உயிருக்குத் தாகம் தீர்த்து இன்னொரு உயிரின் வயிற்றில் பிளாஸ்டிக்கைப் போட்டால் அந்தப் புண்ணியத்தை எங்கே எழுதுவது? நான்கு மண்பானை, சங்கிலி கட்டிய எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் கழுவ ஒரு வாளி போதும். கழுவ ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். மேடையில் மாலை போட்டுக்கொள்ள நம்மில் பத்துப் பேர் இருக்கிறோம்.

அன்னதானத்திலும் அப்படியே. கடைசிப் பந்தி முடிந்து எச்சில் இலையை அள்ள வருகிற தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு அண்டாவின் அடியில் ஒட்டியதைப் போடுகிறோம். அவர் விடிகாலையிலிருந்து தெருவில் நிற்பவர். அவரை முதல் பந்தியில் இலை போட்டு உட்கார வையுங்கள், "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டுமா அம்மா" என்று கேளுங்கள். இதற்குப் பணம் கூடுதலாக ஒரு காசு ஆகாது. ஆனால் ஒரு ஊரின் குணம் அங்கேதான் மாறத் தொடங்கும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு நம் கோயில் வெளிப்பிராகாரத்தில் உழவாரப்பணி. சில விஷயங்களை மனதில் வையுங்கள். கோபுரத்தில் முளைத்திருக்கும் அரசங்கன்றை யாரும் ஏறிப் பிடுங்க வேண்டாம். மேலே ஒடிந்து வேர் கல்லிடுக்கில் நின்றுவிட்டால் மறுபடி துளிர்த்து இன்னும் பிளக்கும். அதற்கு நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், விவரம் தெரிந்த ஸ்தபதியைக் கொண்டு செய்வோம். தெற்குச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. அங்கே கம்பி பிரஷ் போடவோ சுண்ணாம்பு அடிக்கவோ கூடாது, தண்ணீரும் மெல்லிய துடைப்பமும் போதும். செதுக்கிய புல்லைக் கொளுத்தாமல் நந்தவனத்துக் குழியில் போட்டு மட்க விடுவோம். மண்வெட்டியும் கூடையும் கோயிலில் இருக்கின்றன, குடிக்க அவரவர் டம்ளர் கொண்டுவாருங்கள். வடக்குப் பக்கம் நெருஞ்சி அதிகம். பெரியவர்கள் முதலில் அதைச் செதுக்கி முடித்த பிறகு பிள்ளைகளை அங்கே இறக்கலாம்.