பெயர் மறைத்தலும் வாய்மையும்

நம் பிள்ளைகள் கணினி விளையாட்டில் புனைபெயர் பூண்டு முகமறியாதாருடன் ஆடுகின்றனர். இது பொய்ம்மையாகுமோ என ஐயுறுகின்றோம்.

2010 ஜூலையில் அமெரிக்காவின் பிளிசார்ட் விளையாட்டு நிறுவனம், தன் அரங்கில் கருத்துரைப்போர் மெய்ப்பெயருடனேயே தோன்ற வேண்டுமென அறிவித்தது. வசைமொழி ஒழியும் என்பது அதன் எண்ணம். ஆயின், பெயரறிந்தோர் வீடு வரை தொடர்ந்து துன்புறுத்துவரென ஆடுவோர், சிறப்பாக மகளிர், அஞ்சினர். மூன்றே நாளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. தென்கொரியாவில் 2007இல் வந்த மெய்ப்பெயர்ச் சட்டத்தால் தீமொழி குறையவில்லையெனக் கண்டு, 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை நீக்கியது.

சத்தியாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள், பிறர் மறைவாக வைத்திருப்பதை வெளிப்படுத்தலையும் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்துள்ளது. எனவே, தன்னைக் காக்கப் பெயர் மறைத்தல் வேறு. பிறரை வையவும் வஞ்சிக்கவும் மறைத்தல் வேறு. முன்னது காவல், பின்னது மாயை என்னும் கஷாயம்.

புனைபெயரில் வைதவனைக் கேட்டவர் அறியார். ஆயினும் வினை பெயரைப் பற்றுவதன்று, உயிரையே பற்றுவது.

ஆதலின், மெய்ப்பெயரில் கூற நாணும் சொல்லைப் புனைபெயரிலும் கூறற்க எனப் பிள்ளைகட்குக் கற்பிப்போமாக. நாமும் அவ்வாறே ஒழுகுவோமாக.