கூரையும் குரலும்

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் அரிதன்று. தீமை இன்னதென்று அறிந்த பின்னும் அதை நாடுவோர் உண்டு. எனினும் அவர்கள் உள்ளத்திலும் ஐயம் இராது. இரண்டு நன்மைகள் எதிரெதிரே நின்று, ஒன்றைக் கைக்கொண்டால் மற்றொன்றை இழக்க நேரும் என்னும் நிலையிலேயே மனிதன் உண்மையாகத் திகைக்கிறான். அத்தகைய திகைப்பு ஒன்று சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைத்துச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

எங்கள் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே மலையேறி வந்தவர். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில்தான் நானும் என் அக்காளும் பிறந்தோம். நான் பி.ஏ. முடித்துத் தேர்வெழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகிப் பாலக்காட்டுக்கு இறங்கி வந்துவிட்டேன். அக்காள் அங்கேயே தங்கிக் கொழுந்து பறித்துத் தம் ஒரே மகளை வளர்த்தார். கணவரை இழந்து ஆண்டுகள் பல ஆயின. மாரியம்மன் கோவில் திருவிழாவில் அச்சிறுமி பாடியதைக் கேட்டவர்கள் எல்லாரும் அவளை இசை படிக்க வைக்குமாறு சொன்னார்கள். அவ்வாறே எங்கள் வீட்டில் தங்கிச் சித்தூர் அரசு கல்லூரியில் இசையில் இளங்கலை பயின்றாள், நன்றாகவே தேறினாள்.

விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போகும் வழியை நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், அதன்பின் மூணாறு. கேரளத்தின் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்துக்குச் செல்லத் தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட நாள் முதல், நம்மைப் போன்ற குடும்பங்கள் இவ்வாறு கோட்டின் இருபுறமும் கால் வைத்தே வாழ்ந்து வருகின்றன.

சிக்கல் இதுதான். அக்காளுக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. லயத்து வீடு வேலையோடு கூடியது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மேல் வைத்தது. ஆனால் அவ்வீடு தொழிலாளிக்கு உரிமையாகிவிடுவதில்லை. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். பிள்ளைகளுள் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைக்குச் சேர்ந்தால்தான் கூரை தங்கும். அதே மாதத்தில், திருவனந்தபுரத்தில் இசை முதுகலை படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. ஒருபுறம் கொழுந்துக் கூடை, மறுபுறம் தம்பூரா. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “மாமா, நான் படிக்கப் போயிட்டா அம்மா எங்க இருப்பாங்க?”

இவ்வினாவுக்கு உலகம் இரண்டு எளிய விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறது.

முதல் விடை, “பாட்டு சோறு போடுமா?” என்பது. இதைச் சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். பெரும்பாலும் பசியை அறிந்தவர்கள். எனினும் ஒரு பொருளின் பெருமையை அது ஈட்டித் தரும் கூலியைக் கொண்டே அளந்தால், தாய்மை, நட்பு, வழிபாடு ஆகிய எதற்கும் மதிப்பு இல்லாமற் போகும். இரண்டாம் விடை, “கலைக்காக எதையும் துறக்கலாம்” என்பது. கேட்பதற்கு உயர்ந்ததாகத் தோன்றும் இதனை, பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். துறப்பவள் மகள், கூரையை இழப்பவள் தாய். பிறர் பொருளைத் துறத்தல் துறவாகாது.

எங்கள் பாலக்காட்டு மண்ணில் இதற்கு முன்மாதிரி தேடுவோர், மஞ்சப்பரையில் 1923-இல் பிறந்த எம். டி. இராமநாதனை எடுத்துக் காட்டுவர். அவர் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் பயின்று பட்டம் பெற்றவர். அக்காலத்தில் அறிவியல் பட்டம் பெற்ற இளைஞருக்கு அரசு அலுவலகக் கதவுகள் எளிதில் திறந்திருக்கும். அவரோ 1944-இல் சென்னை சென்று, ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் சேர்ந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் மாணவராக அமர்ந்தார். பிற்காலத்தில் அந்நிறுவனத்திலேயே ஆசிரியராக விளங்கி, 1974-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1984-இல் மறைந்தார். விளம்ப காலத்தின் பெருமையை அவர் குரலில் உணர்ந்தவர்கள், அவர் எழுத்தராகப் போகாமலிருந்ததற்கு நன்றி கூறுவர்.

நானும் இச்சான்றினை அவளிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் நேர்மையாக எண்ணிப் பார்த்தபோது நா எழவில்லை. அவருடைய தந்தையாரே இசைவாணர். வீட்டில் இசைக்கு மதிப்பு இருந்தது. அன்றியும், வென்றவர்களின் பெயரே நமக்குத் தெரியும். அதே துணிவோடு புறப்பட்டு, பாதி வழியில் நின்று, பெயரின்றிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த மலரும் எழுதுவதில்லை. ஒருவருடைய வெற்றி, அவர் சென்ற வழி நடக்கத்தக்கது என்பதைக் காட்டும். மற்றொருவர் அதில் நடந்தே தீர வேண்டும் என்பதைக் காட்டாது.

வேலையும் செய்து இசையும் வளர்த்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கோடீசுவர ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தில் அலுவல் பார்த்தவர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய பெருமையும் அவருக்கே உரியது. கோப்புகளோடு காலம் கழிக்கும் என் போன்றோருக்கு அவர் பெயர் ஓர் ஆறுதல். உருசிய நாட்டு போரோதின் வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டே இசை அமைத்தார். ஆனால் தம் பெரிய இசை நாடகத்தை முடிக்காமலேயே 1887-இல் இறந்தார். நண்பர்கள்தாம் அதனை நிறைவு செய்தனர். அலுவலுக்கு ஈந்த பொழுது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு அந்நாடகமே சான்று.

இவ்விருவரும் பாடல் இயற்றியவர்கள் என்பதையும் கருத வேண்டும். உள்ளத்தில் ஊறும் இசை இரவு வரை காத்திருக்கக்கூடும். குரலோ உடம்பைச் சார்ந்தது; நாள்தோறும் சாதகம் கேட்பது. காலை முதல் மாலை வரை மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்துத் திரும்பும் ஒருத்தியிடம், இரவில் மூன்று மணி நேரம் அகாரம் பாடு என்று சொல்வது கொடுமை. ஆகவே “வேலை பார்த்துக்கொண்டே பாடலாமே” என்னும் நடுவழி, எல்லா வேலைக்கும் பொருந்துவதன்று. ரயில்வேயில் கலைஞர்களுக்கென்று ஒதுக்கப்படும் சில இடங்களும், பள்ளிகளில் இசையாசிரியர் பணியும் பாட்டை வளரவிடும் வேலைகள். தோட்ட வேலை அத்தகையதன்று.

இங்கே மற்றொரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். இசை வேறு, இசைப் பட்டம் வேறு. செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் பல்கலைக்கழகம் தந்த பட்டத்தால் மேதைகளானவர்கள் அல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கென்று துறை தோன்றியதே 1932-இல்தான். ஆனால் குருவின் வீட்டில் உண்டு உறங்கிக் கற்கும் வழி இன்று அருகிவிட்டது. கல்லூரியில் இசை கற்பிக்க விரும்புவோர் பொதுவாக முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வு போன்றதொரு தகுதியும் பெற்றிருக்க வேண்டும். எனவே முதுகலைப் படிப்பைக் கலைக்கான துறவு என்று கொள்ளுதல் பிழை. அது ஒரு பிழைப்புக்கான வாயிலுமாகும். எங்கள் வினா “கலையா, சோறா?” என்பதன்று. “சோறு வரும் வரையில் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை யார் சுமப்பது?” என்பதே.

வினாவை இவ்வாறு மாற்றிய கணத்தில், அது அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். கல்லூரி நாளில் நானும் மிருதங்கம் பயின்றேன்; சிறு கச்சேரிகளில் வாசித்தும் இருக்கிறேன். இருபத்திரண்டாம் வயதில் பணி ஆணை வந்தது. மிருதங்கத்தைப் பரணில் ஏற்றினேன். குடும்பத்துக்காக விட்டேன் என்று இத்தனை ஆண்டும் சொல்லி வந்தேன். அது முழு உண்மையன்று. குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டது மெய். மாலை வேளைகளை எவரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை என்பதும் மெய். பெரியவர்களோடு ஒப்பிட்டால் என் வாசிப்பு சிறிது என்று தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தை, கடமை என்னும் நல்ல போர்வையால் மூடினேன். கடமைக்காகத் துறந்தவனுக்கு உள்ளத்தில் அமைதி இருக்கும். எனக்கோ, அடுத்த வீட்டில் மிருதங்கம் ஒலித்தால் இன்றும் சன்னலைச் சாத்தத் தோன்றுகிறது.

ஆகவே கடமை, விருப்பம் என்னும் இரண்டு சொற்களையும் ஐயத்தோடு நோக்கவே கற்றுக்கொண்டேன். மூன்று வினாக்கள் உதவுகின்றன. இன்று இழப்பதனை நாளை மீண்டும் பெற இயலுமா? இழப்பைச் சுமப்பவர் முடிவெடுப்பவர்தாமா, அல்லது வேறொருவரா? கடமை என்று சொல்வதில் அச்சமும், விருப்பம் என்று சொல்வதில் தற்பெருமையும் எவ்வளவு கலந்துள்ளன? முதல் வினாவுக்கு விடை தெளிவு: இருபத்தொரு வயதுக் குரலை நாற்பதில் தேடிப் பெறுதல் அரிது. இரண்டாம் வினாவே கடினம். அக்காளுக்கு அந்த லயம் வெறும் கூரையன்று. பிறந்த இடம், கோவில், அண்டை வீட்டார், கணவரைப் புதைத்த மண். பாலக்காட்டில் ஓர் அறை தந்துவிட்டால் அத்தனையும் ஈடாகிவிடும் என்று நான் நினைத்தால் அது அறியாமை.

திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் உண்டு. குடியை உயரச் செய்வதற்கும் ‘குடிசெயல்வகை’ என ஓர் அதிகாரம் உண்டு. இரண்டும் பொருட்பாலில்தான் உள்ளன. இரண்டையும் ஒருவரிடமே கேட்ட வள்ளுவர், ஒன்றுக்காக மற்றதைக் கொல்லச் சொல்லவில்லை. ஆனால் குடி என்பது ஒரு பெண்ணின் தோள் மட்டும் அன்று. உறவினர் அனைவரும் சேர்ந்ததே குடி. சுமையை ஒருத்தி தலையில் வைத்துவிட்டு, அவள் எவ்வாறு நடக்கிறாள் என்று அறம் பேசுதல் நமக்குத் தகாது.

நாங்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் அமர்ந்து பேசினோம். முடிவை அக்காளே சொன்னார்: “அவ படிக்கட்டும். வீடு போறது எனக்கு வலிக்கத்தான் செய்யும். அதுக்காக அவளப் பிடிச்சு வச்சா, அந்த வீட்ல உக்காந்து நான் என்ன செய்ய?” அவள் திருவனந்தபுரம் சென்றாள்; செலவில் பெரும்பங்கு என்னுடையது. அக்காள் எங்களோடு வந்து சேர்ந்தார். காலையில் ஆறு மணிக்கு எழுந்து, போவதற்கு வேலை இல்லாமல், வாசலில் நின்று கிழக்கே பார்க்கிறார். இம்முடிவு சரியானது என்றே நம்புகிறேன். இழப்பு இல்லாதது என்று நம்பவில்லை.

இறுதியாக, சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் புகழ் பெற்ற பாடகரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், அது வேண்டியதே. ஆனால் அவருக்குப் பொன்னாடை இல்லாமலும் வாழ்வு நடக்கும். நம் லயங்களிலும் எல்லையோரச் சிற்றூர்களிலும் பட்டம் முடித்து, இரண்டு ஆண்டுக் கூரைக்கு வழியின்றி நிற்கும் பிள்ளை யார் என்று ஆண்டுக்கு ஒருவரையேனும் தேடிக் கண்டால், அப்பிள்ளைக்கு நேரும் திகைப்பில் பாதி குறையும். மீதிப் பாதியை அவர்களே சுமப்பார்கள்; அது இளமைக்கு உரிய சுமை.

பரணிலிருந்த மிருதங்கத்தைச் சென்ற மாதம் இறக்கினேன். தோல் கிழிந்திருந்தது. மூட்டுவதற்குக் கொடுத்திருக்கிறேன். விடுமுறைக்கு அவள் வரும்போது தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும் என்பது இப்போதைய என் கவலை.