பகுதியும் முழுமையும்: ஒற்றியூர் இலக்கண மண்டபமும் ஆங்கிலக் கூட்டுவினையும்

ஒரு தொடரின் பொருள் அதன் உறுப்புகளில் முன்னரே தங்கியிருக்கிறதா, அல்லது உறுப்புகள் கூடி நின்ற பின்னரே பிறக்கிறதா என்பது இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட கேள்வியாகும். வேத வாக்கியம் ஏவும் செயல் இன்னதென்று ஐயமறத் துணிந்தாலன்றி வேள்வி செய்ய இயலாது என்பதால், வாக்கியப் பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மீமாம்சகர்களுக்கு அது சமயக் கடமை சார்ந்த கேள்வியாகவும் இருந்தது. இன்று ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர் 'புட்' என்றால் இடு, 'ஆஃப்' என்றால் அகல என்று தனித்தனியே அறிந்திருந்தும், 'புட் ஆஃப்' என்பது நாளைக்குத் தள்ளிப்போடுவதையும், 'புட் அவுட்' நெருப்பை அணைப்பதையும், 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்வதையும் குறிப்பது எங்ஙனம் என்று திகைக்கும்போது, அந்தப் பழைய கேள்வியின் வாயிலில்தான் நிற்கிறார். வினையொன்று இடத்தையோ திசையையோ சுட்டும் சிறுசொல்லோடு கூடித் தனிப்பொருள் தரும் இத்தகைய தொடரை இங்குக் கூட்டுவினை என்று வழங்கலாம்.

இக்கேள்வி முறையாகப் பயிலப்பட்ட இடங்களுள் ஒன்று வடசென்னையிலேயே உள்ளது. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் பாணினியின் வடமொழி இலக்கணத்தைப் பயிற்றுவதற்கென வியாகரணதான மண்டபம் என்னும் இலக்கணக் கூடம் இருந்ததையும், அதன் பராமரிப்புக்கு நிலக்கொடை வழங்கப்பட்டதையும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இலக்கணத்தின் அடிப்படையாகிய 14 சூத்திரங்களைச் சிவபெருமான் பாணினிக்கு அருளியது இத்தலத்திலேதான் என்ற நம்பிக்கையும் அக்கூடத்தோடு பிணைந்திருந்தது. கொள்கலன் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் இன்றைய ஒற்றியூரில், ஒரு காலத்தில் மாணாக்கர் சொல்லின் பகுதிகளைப் பிரித்தும் கூட்டியும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அத்தகைய கூடத்தில் தவிர்க்க இயலாத பாடம் உபசர்க்கம் என்பதாகும். வினைப்பகுதிக்கு முன் நின்று அதன் பொருளை வேறுபடுத்தும் 'ஆ', 'வி', 'பரி', 'சம்' முதலிய சிறுசொற்களே உபசர்க்கங்கள். 'ஹ்ரு' என்னும் வினைப்பகுதிக்குக் கொண்டுசெல்லுதல், எடுத்தல் என்பன பொருள். ஆயினும் அதனோடு 'ஆ' சேர்ந்தால் உணவாகிய ஆகாரமும், 'சம்' சேர்ந்தால் அழிவாகிய சங்காரமும், 'பரி' சேர்ந்தால் தோடம் நீக்கும் பரிகாரமும் பிறக்கின்றன. சாகடாயனர் என்பவர் உபசர்க்கத்துக்குத் தனியே பொருளில்லை, அது வினையில் மறைந்திருக்கும் பொருளை விளக்குப்போலக் காட்டுவதே என்றும், கார்க்கியர் என்பவர் அதற்குப் பற்பல சொந்தப் பொருள்கள் உண்டு என்றும் வாதிட்டதை யாஸ்கரின் நிருக்தம் என்னும் சொற்பிறப்பு நூல் பதிவு செய்துள்ளது. வேத மொழியில் உபசர்க்கம் வினைக்குப் பின்னும் வரலாம், இடையே வேறு சொற்கள் புகுந்து பிரிந்தும் நிற்கலாம் எனப் பாணினி விதித்திருப்பது, வினைக்குப் பின் நின்று செயப்படுபொருளுக்கு இடையில் வழிவிடும் ஆங்கிலச் சிறுசொல்லை ஒத்திருக்கிறது.

தமிழுக்கும் இந்த இயல்பு அயலானதன்று. இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தன்றித் தானாக இயங்காது என்பது தொல்காப்பியர் கொள்கை. வினையோடு வினை கூடுமிடத்தும் இதே புதுமை நிகழ்கிறது. 'காட்டிக்கொடு' என்பதில் காட்டுதலும் கொடுத்தலும் தீங்கற்ற செயல்களாக இருக்க, இரண்டும் கூடிய அளவில் துரோகம் என்னும் கொடும்பொருள் தோன்றுகிறது. 'விட்டுக்கொடு' என்பதில் பெருந்தன்மை தோன்றுகிறது. 'தள்ளிப்போடு' என்பதில் பொருளை நகர்த்தும் இடச்செயல் காலத்தின் மேல் ஏற்றப்படுகிறது. இவற்றைத் தாய்மொழியாகப் பெற்றவர் ஒருபோதும் பிரித்துக் கற்றதில்லை என்பதால்தான், ஆங்கிலத்தில் அதே இயல்பைக் காணும்போது அதனை அம்மொழியின் விபரீதம் என்று எண்ணுகிறார்.

துறைமுகமும் ஆலையும் சூழ்ந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியின் பேச்சு, சாகடாயனருக்கும் கார்க்கியருக்கும் இடையிலான வழக்கில் இருதரப்புக்கும் சாட்சி சொல்கிறது. ஆலைத் தளத்தில் 'மோட்டாரை ஆன் பண்ணு', 'ஆஃப் பண்ணு' என்னும் ஏவல்களில் ஆங்கில வினையாகிய 'ஸ்விட்ச்' முற்றிலும் உதிர்ந்துபோய், சிறுசொல் மட்டுமே தமிழ் வினையைத் துணைக்கொண்டு முழுப்பொருளையும் சுமக்கிறது. சிறுசொல்லுக்குச் சொந்தப் பொருள் உண்டு என்ற கார்க்கியருக்கு இது சாதகமான சான்று. எனினும் 'ஆஃப்' என்றால் நின்றுபோதல் என்று இவ்வாறு கற்றவர், எரிவாயுக் கசிவை அறிவிக்கும் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்று பாதுகாப்புக் கையேட்டில் படிக்க நேர்ந்தால், அலாரம் அடங்கிவிட்டது என்றே கொள்வார்; ஆங்கில வழக்கிலோ அது அலாரம் ஒலித்தது என்னும் நேர்மாறான செய்தியாகும். உயிரையே பணயமாக்கக்கூடிய இவ்விடத்தில் சிறுசொல்லின் தனிப்பொருள் கைகொடுப்பதில்லை. சாகடாயனர் பக்கமே வலுக்கிறது.

இவ்விருவரும் எண்ணிப்பாராத மூன்றாவது நிலையும் உண்டு. 'லே ஆஃப்' என்பதை வேலைநீக்கம் என்ற பொருளில் அமெரிக்க வழக்கு பரவலாக ஆள, 1947-ஆம் ஆண்டின் இந்தியத் தொழில் தகராறுச் சட்டமோ நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால், வருகைப்பதிவேட்டில் பெயர் உள்ள, ஆட்குறைப்புக்கு ஆளாகாத தொழிலாளிக்கு வேலை தர இயலாமற்போவதே அது என்று வரையறுத்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அடிப்படை ஊதியம், பஞ்சப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பாதியை இழப்பீடாகவும் விதித்தது. பெயர் பதிவேட்டில் நிற்கிறதா, அடிக்கப்பட்டதா என்பது ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கும் வேறுபாடு. 'லே', 'ஆஃப்' என்னும் இரு பகுதிகளை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் அவ்வேறுபாடு அகப்படாது. எந்தச் சமுதாயம், எந்த ஒப்பந்தத்தின் கீழ் அத்தொடரை ஆள்கிறது என்பதும் பொருளின் உறுப்பாகிவிடுகிறது.

பின்வந்த மீமாம்சகர்கள் வழக்கை இன்னும் ஆழப்படுத்தினர். குமாரிலபட்டர் மரபினர், சொற்கள் முதலில் தத்தம் பொருளை உணர்த்த, அப்பொருள்கள் பின்னர் தம்முள் இயைந்து வாக்கியப் பொருளாகின்றன என்றனர்; இது அபிஹிதான்வயவாதம் எனப்படும். பிரபாகரர் மரபினரோ, பிற சொற்களோடு இயைந்த நிலையிலேயே சொல் தன் பொருளை உணர்த்துகிறது என்றனர். இது அன்விதாபிதானவாதம் எனப்படும். குழந்தை மொழி கற்கும் முறையே பின்னவர்களின் சான்று. 'பசுவைக் கொண்டுவா' என்று மூத்தவர் ஒருவர் ஏவ, மற்றவர் செய்வதைக் குழந்தை காண்கிறது. பின்னர் 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டுவா' என்னும் ஏவல்களையும் கண்டு, எச்சொல் புகுந்தபோது எச்செயல் மாறியது என்பதை ஒப்பிட்டே தனிச்சொல்லின் பொருளைப் பிரித்தறிகிறது. இவ்வாறு சொல் புகுதலையும் நீங்குதலையும் ஆவாபம், உத்வாபம் என்று வழங்குவர். முழுமை முன்னே வருகிறது, பகுதி பின்னே தெளிகிறது.

ஆலையில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் மூத்த ஃபிட்டரின் ஏவலையும் அவர் கையின் அசைவையும் சேர்த்துக் கற்பது பிரபாகரர் காட்டிய வழியே. ஆங்கிலக் கூட்டுவினைகளைப் பொருளோடு இரு பத்திகளாக எழுதி மனப்பாடம் செய்வது குமாரிலரின் வழியைக்கூடச் சேராது, ஏனெனில் அவரது கொள்கையிலும் பொருள்கள் இயைவதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். வாக்கியத்தைப் பிளவுபடாத ஒரே முழுமையாகக் கண்ட இலக்கணத் தத்துவ அறிஞர் பர்த்ருஹரி, சொல்லாகப் பகுப்பது கற்பவரின் வசதிக்கான உபாயமே என்றார். உபாயத்தை உண்மையென மயங்குவதே பட்டியல் மனப்பாடத்தின் குறை.

ஒற்றியூரின் தலவரலாறு இக்கருத்துக்கு ஓர் அறமுகத்தையும் காட்டுகிறது. பெரியபுராணம் கூறுகிறபடி, மணக்க விரும்பிய சங்கிலியாரைப் பிரியேன் என்று கோயிலுள் சூளுரைக்க வேண்டியிருந்த சைவ நாயனார் சுந்தரர், அவ்வேளை இறைவன் கருவறை நீங்கி மகிழ மரத்தடியில் இருக்குமாறு வேண்டினார்; அதற்கு இசைந்த இறைவனே, மகிழடியில் சூளுரைக்கச் சொல்லுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்தினார். பிரியேன் என்னும் வினை மாறாதிருக்க, அது நிகழும் இடத்தை மட்டும் கழற்றிவிட்டால் சொல்லின் பிணிப்பும் கழன்றுவிடும் என்று எண்ணியவரை, இடம் தானே பெயர்ந்து வந்து பிணித்தது. பின்னர் அச்சூளுரையை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் பார்வை இழந்தார். சொல்லியவர், கேட்டவர், சொன்ன இடம் ஆகிய யாவும் கூடியதே சொல்லின் பொருள் என்பதை மாசித் திருவிழாவின் மகிழடி சேவை இன்றும் நினைவூட்டுகிறது.

இறைவன் பாணினிக்கு அருளியதாக நம்பப்படும் 14 சூத்திரங்களுக்குப் பிற்காலச் சைவ உரை தத்துவப் பொருள் கண்டதெனினும், இலக்கண அளவில் அவை எழுத்துகளை வரிசைப்படுத்தும் ஒலியடுக்குகளே; அவற்றுள் ஒரு சொல்லும் இல்லை, ஒரு பொருளும் இல்லை. அந்நம்பிக்கையை அதன் போக்கிலேயே எடுத்துக்கொண்டால், ஒலியைத் தந்த இறைவன் பொருளை மனிதர் வழக்கில் விட்டுவைத்தான் என்றாகிறது. ஆகவே அயல்மொழியின் கூட்டுவினையைக் கற்பவர் அகராதியின் முன் மட்டுமன்றி, அத்தொடரை ஆண்டு ஆண்டு அதற்குப் பொருள் சமைத்த மக்களின் முன்னும் மாணாக்கராக அமர வேண்டியவராகிறார்.