தாயின் பிழையைச் சொல்லலாமா?

நமது பங்கின் வாசகர் வட்டத்தில் சென்ற ஆண்டு டோனி மாரிசனின் 'பிலவ்ட்' புதினத்தை எடுத்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பாதியில் நிறுத்தி, நூலைச் செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பெற்ற தாயை இப்படியா எழுதுவது? தாய் தந்தையரை மதிக்க வேண்டும் என்பது கட்டளை அல்லவா?" என்றார். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அவருக்கு நாம் கடன்பட்ட பதில்.

மாரிசன் பன்னிரண்டாம் வயதில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். அப்போது ஏற்ற அந்தோனியார் பெயரின் சுருக்கமே 'டோனி' என்பதை நம் வாசகர் பலர் அறியார். 1987இல் வெளிவந்த அப்புதினத்துக்கு வித்தான நிகழ்ச்சி உண்மையில் நடந்தது. 1856 சனவரியில் மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு தப்பினாள். தேடி வந்தோர் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, மீண்டும் அடிமையாக விடமாட்டேன் என்று தன் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றாள்.

புதினத்தில் அத்தாயின் பெயர் செத்தே. கொலை நடந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இறந்த குழந்தையின் நினைவு பேயாக அவ்வீட்டைப் பிடித்திருக்கிறது. எஞ்சிய மகள் டென்வர் தாயை நேசிக்கிறாள், அஞ்சவும் செய்கிறாள். அன்று தாயை அச்செயலுக்குத் தூண்டியது எதுவோ, அது மறுபடியும் வாசலுக்கு வந்துவிடுமோ என்பதே அவளுடைய அச்சம். தாயைக் குற்றவாளி என்று மாரிசன் தீர்க்கவில்லை. குற்றமற்றவள் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஓர் இடத்தில் அவர் நம் பார்வையை வேறு பக்கம் திருப்புகிறார். அடிமை பிடிப்போர் வருவதற்கு முந்தைய நாள் அவ்வீட்டில் பெரிய விருந்து நடக்கிறது. வயிறார உண்ட அக்கம்பக்கத்தாருக்கு மனத்தில் பொறாமை. குதிரைகள் வருவது தெரிந்தும் எச்சரிக்க ஒருவரும் ஓடிவரவில்லை. அக்குழந்தையின் இரத்தத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. அதை நினைவூட்டவே அக்காட்சியை ஆசிரியர் வைத்தார் என்பது நம் எண்ணம்.

ஆசிரியை படிக்காமல் விட்ட பிற்பகுதியில்தான் அவருடைய கேள்விக்கு விடை கிடக்கிறது. பேயாக வந்த மகளுக்கு ஊட்டி ஊட்டித் தாய் தான் மெலிந்து சாகும் நிலைக்கு வருகிறாள். அப்போது டென்வர், பல்லாண்டுகளாகத் தாண்டாத முற்றத்தைத் தாண்டிச் சென்று தன் பழைய ஆசிரியையின் கதவைத் தட்டுகிறாள். பின்னர் முற்றத்தின் ஓரத்தில் உணவுப் பாத்திரங்கள் வந்து சேர்கின்றன. வீட்டில் நடப்பதை அவள் வேறொரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகே, அன்று வராத ஊர்ப் பெண்கள் திரண்டு வந்து வாசலில் மன்றாடுகின்றனர். தாயின் மானம் காக்க அவள் வாய்மூடி இருந்திருந்தால் தாயைப் புதைத்திருப்பாள். மதித்தல் என்றால் மறைத்தல் என்று கொள்வோர் டென்வரை எங்கே வைப்பார்கள்?

எல்லா நூல்களும் இப்படிக் கதவு திறப்பவை என்று சொல்ல மாட்டோம். ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃபிரீட யெலினெக் 1983இல் எழுதிய 'பியானோ ஆசிரியை'யில், நாற்பதை நெருங்கும் எரிக்கா வியன்னாவில் தாயின் அருகிலேயே இன்னும் படுத்துறங்குகிறாள். மகள் தனக்கென ஓர் ஆடை வாங்கி வந்தாலும் தாய் சண்டையிடுகிறாள். அன்பு என்ற பெயரில் உடைமையாக்கும் கொடுமையை யெலினெக் துல்லியமாகக் காட்டுகிறார்; எனினும் இரக்கம் அப்பக்கங்களில் எட்டிப் பார்ப்பதேயில்லை. அவருக்கு 2004இல் நொபெல் பரிசு கிடைத்தது என்பதற்காக இளையோர் கையில் அந்நூலைக் கொடுத்துவிட நாம் துணிய மாட்டோம்.

ஆனால் இருண்ட தாயைக் காட்டுவதே தகாது என்போர் மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை மறந்துவிடுகின்றனர். நடனமாடிய சிறுமி வெளியே சென்று தாயிடம் என்ன கேட்கட்டும் என்கிறாள். ஏரோதியா அவள் வாயில் யோவானின் தலையை வைத்து அனுப்புகிறாள். அச்சிறுமியின் பெயரைக்கூட நற்செய்தியாளர் குறிக்கவில்லை. தாயின் பகைக்குக் கருவியான பிள்ளைக்குத் தன் பெயரும் இல்லாமற் போயிற்று போலும்!

நம் மேடைகளில் அன்னையர் நாள் உரைகளைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு தாயையும் மரியன்னைக்கு ஒப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். நல்லெண்ணம்தான். ஆனால் பீடத்தில் ஏற்றப்பட்டவள் ஒப்புரவுக்கு வந்து எப்படி முழந்தாளிடுவாள்? "என் மகளிடம் கொடுமையாக நடந்தேன்" என்று சொல்ல அவளுக்கு நாம் இடம் விட்டோமா?

இதை நாம் உணர்ந்தது அடுத்த மாதக் கூட்டத்தில். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதையை வாசித்தோம். கொலை என்றால் அங்கே கத்தி இல்லை. பூப்பெய்திய கறுத்த நிறச் சிறுமி, வெளியூர் சென்ற தாயின் அணைப்புக்காகக் காத்திருக்கிறாள். உறவுப் பெண்ணை நிறத்துக்காக வரன் வேண்டாமென்ற கசப்போடு திரும்பும் தாய், சுமை கூடிவிட்டது என்னும் பொருளில் ஒரு சொல் வீசுகிறாள். அவ்வளவே. ஊரெல்லாம் நிறத்துக்கு விலை பேச, அவ்விலையை மகளிடம் சொல்லும் வாய் தாயினுடையதாகிறது.

வாசித்து முடித்ததும் சற்று நேரம் பேச்சில்லை. நூலைத் திருப்பித் தந்த அதே ஆசிரியைதான் பிறகு பேசினார். "நானும் சொல்லியிருக்கிறேன். இதே போல. என் பெரியவளிடம்." மகளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது, அந்நாளைப் பற்றி இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை என்றார். அருகிலிருந்தவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். புறப்படும்போது மாரிசன் நூல் இன்னும் நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வாங்கிச் சென்றார்.