புலால் உண்பவர்க்கு ஜீவகாருண்யம் உண்டா?

(வடசென்னை மூலக்கொத்தளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்த மூலக்கொத்தளத்தின் நான்கு புறத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தெற்கே ஏழுகிணறு. வள்ளல் இராமலிங்க அடிகள் சிறு வயது முதல் 1858 வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டிச் சௌகார்பேட்டை, எறும்புக்கும் தீங்கு நினையாத நோன்பைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் சமணக் குடும்பங்களின் இடம். மேற்கே இறைச்சிக்கு ஆடு அறுக்கும் புளியந்தோப்பு ஆடுதொட்டி. கிழக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கொல்லாமையைப் போதித்த வீடும், உயிரைப் பிடித்தும் அறுத்தும்தான் அடுப்பெரியும் என்ற பிழைப்பும் நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே வாழ்கிற நமக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெருநாய்க்குச் சோறு வைக்கிறோம், அடிபட்ட மாட்டைக் கண்டால் பதறுகிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கறி எடுக்கிறோம். இது போலித்தனம் இல்லையா? புலால் உண்பவன் உயிரிரக்கம் பேசலாமா? பேசலாம் என்பதோடு நிறுத்தினால் போதாது. பேச வேண்டிய கடன் மற்றவர்களைவிட அவனுக்குத்தான் அதிகம். இன்று நான் சொல்ல வந்தது அதுதான்.

முதலில் சிகரம் எது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியே வகுத்திருக்கிறார். அவை துறவறவியலில் இருக்கின்றன, இல்லறத்தானுக்கு அவை கட்டளை அல்ல என்று சிலர் தப்பித்துக்கொள்வார்கள். அந்த வாதம் நிற்காது. அருளுடைமையும் வாய்மையும்கூட அதே துறவறவியலில்தான் இருக்கின்றன. அதனால் இல்லறத்தான் பொய் சொல்லலாம் என்று யாராவது ஒப்புக்கொள்வோமா? 'நான் கொல்லவில்லையே, காசு கொடுத்து வாங்கித்தானே தின்கிறேன்' என்ற சமாதானத்தையும் வள்ளுவர் விட்டுவைக்கவில்லை. வாங்குவார் இல்லையென்றால் விற்பாரும் இருக்கமாட்டார் என்று அன்றே கணக்கைத் தீர்த்துவிட்டார். ஆகவே, புலால் உண்பதற்கு அறநூலில் ஒரு நியாயம் தேடித் தருவது என் வேலை அல்ல. சிகரம் அங்கே இருக்கிறது, அது தாழவும் தாழாது. அடிவாரத்தில் நிற்கிறவனுக்கு இன்றைக்கு என்ன கடமை என்பதே நம் கேள்வி.

அதற்கு வள்ளலாரிடமே வெளிச்சம் இருக்கிறது. கொலையையும் புலாலையும் விட்டவர்களை அவர் அக இனத்தார் என்றார். விடாதவர்களைப் புற இனத்தார் என்றார். இந்தப் பிரிவில் அவர் கண்டிப்பானவர். ஆனால் பசி என்று வந்துவிட்டால், புற இனத்தாராயினும் அந்தப் பசியை ஆற்றியே தீர வேண்டும் என்று அதே கண்டிப்போடு சொன்னார். 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்டபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவது அந்தக் கொள்கைக்காகத்தான். இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒருவனுடைய தகுதியை எடைபோட்டு முடித்த பிறகு அவன் துன்பத்தைத் தீர்க்கலாம் என்று வள்ளலார் காத்திருக்கவில்லை. துன்பம் முதலில் தீர வேண்டும். ஜீவகாருண்யத்தின் உரைகல் எதிரே இருக்கும் உயிரின் வேதனை. இந்த உரைகல்லை ஆட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் வைத்துப் பாருங்கள். ஊரே புலாலை விடும் நாள் வரட்டும் என்று அவற்றின் வேதனை காத்திருக்குமா?

பெரியபுராணம் நமக்குக் காட்டும் இரண்டு அடியார்களை இங்கே நினைக்க வேண்டும். கண்ணப்பர் வேடர். தாம் வேட்டையாடிய இறைச்சியையே காளத்தியப்பருக்குப் படைத்தவர். அதிபத்தர் நாகப்பட்டினத்துப் பரதவர். வலையில் விழும் மீன்களில் சிறந்த ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரு காலத்தில் வலையில் ஒரே ஒரு மீன்தான் விழும், அதையும் அவர் விட்டுவிடுவார். குடும்பம் பட்டினியில் வாடிய ஒருநாள், பொன்னும் மணியும் இழைத்தாற்போல ஒரு மீன் விழுந்தது. அதையும் விட்டார். சேக்கிழார் இவர்களுடைய தொழிலை ஒளிக்கவுமில்லை, தொழிலைச் சொல்லி வாசலில் நிறுத்தவுமில்லை. இதைக் காட்டிக் கொலை சரி என்று வாதாடினால் அது அந்த அடியார்களுக்கே செய்யும் அவமதிப்பு. அதிபத்தரின் பெருமை மீன் பிடித்ததில் இல்லை, பிடித்த கை விடவும் கற்றதில் இருக்கிறது. உயிரை எடுத்துப் பிழைக்கிறவனுக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைத் தனக்கு நட்டம் வந்தாலும் காப்பதே பக்தி. இதுதான் அவர் வாழ்வு நமக்குச் சொல்லும் பாடம்.

அரசும் சட்டமும் நடந்த பாதையும் இதுவே. அசோகர் தம் முதல் பாறைக் கல்வெட்டில், அரண்மனை அடுக்களையில் முன்பு லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டதையும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டும் கொல்லப்படுவதையும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்பதையும் பொறித்து வைத்தார். முழுதாக நிறுத்திய பிறகுதான் பேசுவேன் என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை. முடிசூடி 26 ஆண்டு கழிந்தபின் நாட்டிய தூண் கல்வெட்டில், சினையாக இருப்பதையும் பால் கொடுப்பதையும் ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் கொல்லக் கூடாது, குறித்த சில நாட்களில் மீன் பிடிக்கக் கூடாது என்று விதித்தார். நம் காலத்தில் அதே வழியைத் திறந்துவிட்டவர் சென்னை கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் 1953இல் அவர் கொண்டுவந்த மசோதாதான் 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி செய்தது. அவர் தீவிர சைவ உணவாளர். ஆனாலும் அந்தச் சட்டம் உணவுக்காக விலங்கைக் கொல்வதைக் குற்றம் ஆக்கவில்லை, தேவையற்ற வேதனை கொடுப்பதைத்தான் குற்றம் என்கிறது. அதன்கீழ் வந்த 2001ஆம் ஆண்டு ஆடுதொட்டி விதிகள் சினையாட்டை அறுக்கக் கூடாது என்கின்றன. மூன்று மாதம் நிரம்பாத குட்டியைத் தொடக் கூடாது, ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன. இருபத்திரண்டு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன. அப்படியென்றால் மனிதனின் மனசாட்சி அங்கே எதையோ கண்டிருக்கிறது.

இந்தக் கோட்டை யார் காக்க வேண்டும்? கறிக்கடை வாசலில் நிற்கிறவன்தான். வடசென்னையில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய காட்சிதான் இது. கால்களைக் கட்டி, தலைகீழாக, மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கொத்துக் கொத்தாகத் தொங்கியபடி பிராய்லர் கோழிகள் வருகின்றன. கடையில் திரும்பக்கூட இடமில்லாத கூண்டு. ஒன்றை இழுத்து, இரண்டு இறக்கைகளையும் பின்னித் தராசில் போட்டு, அறுத்து டிரம்மில் எறிவார்கள். கூண்டில் மிச்சமிருப்பவை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோழியின் மொத்த ஆயுளே ஏறத்தாழ ஆறு வாரம். இதில் எந்த வேதனை உணவுக்குத் தேவையானது? தலைகீழாகத் தொங்கினால் கறிக்கு ருசி கூடுமா? மற்றவை பார்க்க அறுத்தால் எடை ஏறுமா? சைவம் உண்பவர் இதைக் கேட்டால் கடைக்காரர் காதில் விழாது, அவர் வாடிக்கையாளர் இல்லை. வாரம் தவறாமல் வாங்குகிறவர் 'அந்தக் கூண்டுக்கு ஒரு மறைப்புத் துணி போடுங்கண்ணே, கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவராதீங்க' என்று சொன்னால் விழும். கடன் அவனுக்கே அதிகம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இது. யாருடைய காசால் ஓர் உயிரின் வாழ்வும் சாவும் நிர்ணயமாகிறதோ, அவருடைய சொல்லுக்குத்தான் அங்கே விலை உண்டு.

காசிமேட்டிலும் இதே நியாயம்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வருமானம் இல்லாத அந்த நாட்களைக் கடலுக்கு விட்டுக்கொடுக்கும் நோன்பு என்று கொண்டால், அது அதிபத்தர் காட்டிய வழி. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கி நெடுநேரம் கிடந்தால் அது மூழ்கிச் சாகும். இந்த ஆமையை யாரும் தின்பதும் இல்லை, விற்பதும் இல்லை. யார் பசிக்கும் உதவாத சாவு அது. முட்டையிட ஆமை வரும் மாதங்களில் கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடாமல் இருந்தாலே பெரும்பகுதி குறையும். விதி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காக்க மீனவர் மனமும் மீன் வாங்குவோர் கேள்வியும் சேர வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 'வலிக்காமல் கொன்றாலும் கொலை கொலைதானே? இப்படிச் சில்லறைக் கருணை காட்டினால் உண்பவன் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கிவிடும், கொலை நிலைத்துவிடும்' என்பார்கள். கொலை கொலைதான், மறுக்கவில்லை. ஆனால் 2014இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். இத்தனை பேரிடமும் 'எல்லாவற்றையும் விடு, இல்லையென்றால் பேசாதே' என்றால் பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த மௌனத்தின் விலையை விலங்குதான் கொடுக்கும். கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் பட்டறிவு உண்டு. 1950இல் இயற்றிய உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு கடுமையாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. குலதெய்வக் கோயில்களில் கிடா வெட்டு நின்றது, ஓட்டல்களில் பிரியாணி நிற்கவில்லை. எளியவன் படையலில் மட்டும் பாவம் கண்ட அந்தச் சட்டத்தை மக்கள் ஏற்கவில்லை. 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். மனசாட்சி தூங்கிவிடும் என்ற அச்சத்துக்கும் ஒரு பதில் உண்டு. கூண்டைப் பார்க்கத் தொடங்கிய கண், கூண்டோடு நின்றுவிடுவதில்லை. பார்க்காமல் தின்கிறவன்தான் காலமெல்லாம் மாறாமல் தின்கிறான்.

மற்றொரு பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். 'எங்கள் சாப்பாட்டைச் சொல்லியே காலகாலமாக எங்களை இழிவுபடுத்தினார்கள். கவுச்சி சமைப்பவருக்கு வீடு இல்லை என்று இன்றும் கதவைச் சாத்துகிறார்கள். இப்போது கருணை என்ற பெயரில் அதையே பேச வந்தீர்களா?' இந்தக் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவருக்கும் வலை இழுக்கிறவருக்கும் மீனும் மாட்டுக்கறியும் கைக்கு எட்டும் விலையில் உடம்புக்கு வலு தந்தவை. கோழிக்கு இரங்கி மனிதனை வெறுப்பது ஜீவகாருண்யம் ஆகாது, மனிதனும் ஜீவன்தான். தட்டைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர் தம் தட்டையும் பார்க்க வேண்டும். முட்டையைச் சைவத்தில் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. முட்டைக் கோழி ஒன்றுக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடமாவது வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு விதி. ஒரு ஏ-4 தாளைவிடச் சிறிய இடம் அது. பால் தரும் பசுவின் காளைக்கன்று எங்கே போகிறது என்று பால் வாங்குகிறவர் கேட்பதில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, கூழைக்கடாக்களின் இறகு ஒட்டிப்போயிற்று, மீன்களும் மீனவர் பிழைப்பும் சேர்ந்தே அழிந்தன. அந்த எண்ணெயை எரித்து வண்டி ஓட்டாதவர் நம்மில் யார்? உயிர்க்கடன் இல்லாத மனிதர் ஒருவரும் இல்லை. கடனின் அளவுதான் வேறு வேறு.

ஆகவே அன்பர்களே, உண்பவர் செய்யக்கூடியதைத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன். வாங்கும் கடையில் விலங்கை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், தவறு கண்டால் கேளுங்கள், கேட்டும் மாறாவிட்டால் கடையை மாற்றுங்கள். சமைத்ததில் ஒரு துண்டும் குப்பைக்குப் போகாமல் அளவாக எடுங்கள். ஓர் உயிரை வாங்கி வீணடிப்பதைப் போன்ற பாவம் வேறில்லை. நாளும் உண்பவர் வாரத்தில் இரண்டு நாள் குறைத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் கவுச்சி விடும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு, அதை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும். முற்றிலும் விட்டவரைக் கேலி செய்யாதீர்கள். விட்டவர்களே, விடாதவரை இழிவாகப் பார்க்காதீர்கள். நம் அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு, உயிர்களிடம் இரக்கம் காட்டுவதை ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று வைத்திருக்கிறது. அதில் சைவம், அசைவம் என்ற பாகுபாடு கிடையாது. சிகரத்தை எட்டிய பிறகுதான் இரக்கம் தொடங்க வேண்டும் என்று எந்த அருளாளரும் சொல்லவில்லை. நிற்கிற படியிலிருந்து தொடங்கலாம். அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதும் அந்த இரக்கமே. எல்லாம் வல்ல இறைவன் அந்த இரக்கத்தை நமக்கெல்லாம் அருள்வானாக.