யாருக்கு நல்ல நேரம்?

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது புறாத்தீவு. அங்கே பவளப்பாறை பார்க்கப் போயிருந்தேன். கரைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். படகுக்கார அண்ணன் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணி வத்திக் கிடக்கு. நாளைக்குக் காலமை போவமா?"

எனக்கு இரவு பஸ். "இல்ல அண்ணன், இப்பவே போவம்."

பருவம் பார்த்துத்தான் வந்திருந்தேன். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளித்துக் கலங்கும். மே முதல் செப்டம்பர் வரை தெளிந்திருக்கும். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹிக்கடுவைப் பக்கத்தை முரடாக்கிவிடும். அங்கே போக நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சரி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கணக்கில் விட்டது வற்றுப்பெருக்கை. இலங்கையைச் சுற்றி அது ஒரு மீட்டர்கூட வராது, என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆனால் பவளத்துக்கு மேலே நிற்கிற தண்ணீரே இடுப்பளவு என்றால், அதில் அரை மீட்டர் வற்றினால் போதும். நீந்த வந்தவன் நிற்கத் தொடங்கிவிடுவான்.

நானும் நின்றேன். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது; பதறிக் காலை ஊன்றினேன். காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. கிளைப்பவளம். வேகமாக வளர்கிற வகைதான், ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். உருண்டையாக வளர்கிற வகைகளுக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிய வளர்ச்சி.

நாம் எதற்கும் நல்ல நேரம் பார்க்கிற ஆட்கள். கடலுக்கும் பார்க்கிறோம்: எப்போது எனக்கு ஆபத்தில்லை, எப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த எனக்கு, கால் எட்டுகிற ஆழம்தான் பாதுகாப்பு. பவளத்துக்கோ என் கால் எட்டாத ஆழம்தான் பாதுகாப்பு. என் நல்ல நேரமும் அதன் கெட்ட நேரமும் ஒன்றேதான்.

திரும்பும்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி உலகமெங்கும் பவளங்கள் வெளுத்துப்போயின. அதற்கு முன்னால் என் ஒரு கால் எம்மாத்திரம்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே நியாயத்தை நோயாளி விஷயத்தில் சொல்லிப் பாருங்கள்: ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருக்கிறார், நான் ஒரு தள்ளு தள்ளினால் என்ன? பெரிய கேடு ஒன்று இருப்பதால் சின்னக் கேடு மன்னிக்கப்படுவதில்லை. தாங்கும் சக்தி குறைந்ததன் மேல் விழுவதால் அதன் கனம் கூடத்தான் செய்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. நான் டிக்கெட் வாங்கியிருந்தேன், உள்ளே போக அனுமதி இருந்தது. அனுமதி இருந்தால் அது சரியான நேரம் என்று ஆகிவிடுமா? நாளைக்கு வா என்று சொன்னவர் படகுக்காரர் மட்டும்தான். அன்றைய கூலியை இழக்கத் தயாராக இருந்தது அவர்; ஒரு பஸ்ஸை இழக்கத் தயாராக இல்லாதது நான்.

கரையில் இறங்கும்போது கேட்டார்: "வடிவாப் பாத்தீங்களா தம்பி?"

"ஓம்" என்றேன். நொறுங்கியதை மட்டும் சொல்லவில்லை.