சொன்னவருக்கு என்ன பங்கு?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள கடைகளில் தைலப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே மூலிகை டீ பாக்கெட்டும் இருக்கும். "மலைவாசிங்க குடிக்கிறது சார், சளிக்கு நல்லது" என்பார்கள். (தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அது தனிக்கதை.) பாக்கெட்டில் எடை, விலை, தேதி எல்லாம் இருக்கிறது. எந்த மலைவாசி என்பது மட்டும் இல்லை. பழனி மலைக்காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் பளியர்கள். எந்த இலை எதற்கு ஆகும் என்று தெரிந்தவர்கள். அவர்களில் யாரோ யாருக்கோ சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம், வியாபாரத்துக்கு 'மலைவாசி' என்ற வார்த்தையே போதும்.

ஒருவர் பிரியமாகச் சொன்ன விஷயம் கேட்டவனுக்குச் சொந்தமாகிவிடுமா?

இந்தக் கேள்வி நம் நாட்டில் ஒருமுறை நிஜமாகவே எழுந்தது, தெற்கே அகத்தியமலையில். 1987இல் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் களைக்கவில்லை. ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டே நடந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள், தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டபோது தயங்கினார்கள். வெளியாளுக்குச் சொல்லக்கூடாத விஷயம். அப்புறம் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம். விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அதற்காக 1997இல் ஒரு டிரஸ்ட்டும் பதிவானது. அப்படிப் பங்கு கொடுக்கச் சொல்லி இந்தியாவில் அன்று சட்டமே இல்லை. உலகம் பாராட்டியது, நியாயம்தான்.

ஆனால் சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். அறிவு ஒரு சமூகத்துடையது. பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர், இது விற்கிற பொருளே இல்லை என்றார்கள். அவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. போதாக்குறைக்குச் செடி வளர்வது காப்புக்காட்டில், இலை பறிக்க வனத்துறை முட்டுக்கட்டை. அறிவு ஒருவருடையது, செடி இன்னொருவருடையது!

"அப்படிப் பார்த்தா எங்க பாட்டி தூதுவளை ரசத்துக்கும் ராயல்டி குடுக்கணுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். வேண்டாம்தான். பக்கத்து வீட்டுக்காரி ரசம் கற்றுக்கொண்டால் நாளைக்குப் பாட்டிக்குக் காய்ச்சல் வரும்போது அவளே வைத்துக்கொண்டு வருவாள். கொடுத்தது திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. கம்பெனிக்குப் பாட்டி வீடு எங்கேன்னே தெரியாது. அந்த வழி இல்லாத இடத்தில்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

2002இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2023இல் அதைத் திருத்தி, நூல்களில் எழுதிவைக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர் பங்கு கொடுக்கத் தேவையில்லை என்று ஆக்கினார்கள். ஏட்டில் ஏறினால் பங்கில்லை என்று அர்த்தம். ஏடு எழுதிய சித்தருக்கும் காட்டில் யாரோ ஒரு காணியோ பளியனோ இலையைக் கிள்ளி, "இதை மென்னு பாருங்க சாமி" என்று நீட்டியிருப்பான்தானே.